கம்பவுண்டர் கசாயம்

கம்பவுண்டர் வே,

காணும் பொங்கலுக்கு மறுநாள் கடைக்கு ஒரு கம்பெனி ரெப்பு வந்தான். கழுத்தில் டை, கக்கத்தில் வேர்வை வட்டம். தோல்பையிலிருந்து ஒரு வெள்ளித்தாள் பாக்கெட்டை எடுத்து, பிண்ணாக்கு மூட்டையின் மேல் பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தினான். மாட்டின் வயிற்றுக்கு நன்மை செய்யும் கிருமிகளாம். உயிருள்ள கிருமிகளாம். தீவனத்தில் ஒரு கரண்டி கலந்தால் போதுமாம். ஓரத்தைக் கத்தரித்து என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

முதலில் வந்தது வெனிலா வாடை. ஐஸ்கிரீமில் போடுவார்களே, அது. மாட்டுக்கு எதற்கு வெனிலா என்று கேட்டேன். வாங்குகிறவர்களுக்கு அருவருப்பு வரக்கூடாது இல்லையா அண்ணாச்சி என்றான். இன்னொரு தடவை இழுத்து முகர்ந்தேன். வெனிலாவுக்கு அடியில், புளித்த புல்லும் ஈரச் சாக்கும் கலந்தாற்போல, மங்கலாக ஒரு நாற்றம். உம்முடைய தூக்குவாளி. எட்டு வருஷம் கழித்து அது என் கடைக்குள் வந்துவிட்டது, பவுடர் பூசிக்கொண்டு.

எனக்குக் குமட்டியது. நாற்றத்தால் இல்லை. எந்தச் சரக்குக்காக உம்மை ஊரை விட்டு விரட்டினோமோ, அதையே வழவழப்பான தாளில் சுற்றி, அதன் மேல் சிரிக்கிற பசுவின் படத்தையும் போட்டு நீட்டுகிறான். நம் ஆட்களும் வரிசையில் நின்று வாங்குவார்கள். யார் யார் வாங்குவார்கள் என்று பெயர் பெயராக என்னால் சொல்ல முடியும். உம்மேல் மொட்டைக் கடுதாசி போடாமல் கையெழுத்தே போட்டு மனு அனுப்பினவர்கள்தான்.

நீர் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இது உம் கைக்கு வராது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். உம்மிடம் சொல்ல வேண்டிய ஒன்று, இருக்கிறவர்கள் யாரிடமும் சொல்லும்படியாக இல்லை.

நீர் வேலை பார்த்த மாட்டாஸ்பத்திரி எந்த ஊர் என்று நான் எழுதப்போவதில்லை. தென்காசியைச் சுற்றி ஒரு சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நீர்தான் எல்லாம். உம்மை முதலில் பார்த்த நாளில் நீர் சாணியை விரலில் எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தீர். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்: “கடலைப் பிண்ணாக்கை முகந்து பாக்காம வாங்குவீரா வே? எனக்கு இதுதான் சரக்கு.”

அந்த ஒரு பேச்சில்தான் உம்மை எனக்குப் பிடித்துப்போனது. நான் ரைஸ்மில்லில் தவிடு வாங்கி, ஆலங்குளம் சந்தை வரைக்கும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுப் பிழைப்பைத் தொடங்கினவன். பிறகு சைக்கிள். பிறகு குற்றாலம் ரோட்டில் தட்டி வைத்த ஒரு கடை. எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் மூக்குதான். பூசணம் பிடித்த பருத்திக்கொட்டையைச் சாக்கைப் பிரிக்காமலே கண்டுபிடித்துவிடுவேன். அதே மாதிரி இன்னொரு மூக்கைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம்.

அந்தக் காலத்தில் என் கடையில் மஞ்சள் பொடி என்று ஒன்று விற்றேன், நினைவிருக்கும். கோழிகளுக்கென்று வந்த கிருமிக்கொல்லி மருந்து. மாட்டுக்கும் கொடுக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னான், நானும் சொன்னேன். ஒரு வருஷத்தில் விற்கிற பொடியில் முக்கால்வாசி, மாட்டுப் பொங்கல் முடிந்த அந்த ஒரு வாரத்தில் விற்றுவிடும். காரணம் உமக்குத் தெரியும். கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் மாலை போட்டு, வெல்லம் போட்ட பொங்கலை வாழையிலையில் குவித்து வைப்பார்கள். தன் வீட்டில் தின்றது போதாதென்று பக்கத்து வீட்டுக்காரனும் ஒரு உருண்டை ஊட்டுவான். வருஷம் முழுக்க வைக்கோல் தின்ற மாடு. மறுநாள் காலையில் வயிறு கல்லாகி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அசை போடாது. உடனே என் கடைக்கு ஓடி வருவார்கள். முந்தின வாரம் வெல்லம் விற்றவனும் நான்தான், பிந்தின வாரம் பொடி விற்றவனும் நான்தான். இதை எழுதும்போது எனக்கே வாயில் எச்சில் கசக்கிறது.

நீர் சொல்லிச் சொல்லிப் பார்த்தீர். எனக்கு ஏறவில்லை. கடைசியில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்த அந்த இரும்புக் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னீர். அடியில் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர். நல்ல மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்ததென்றீர். பார்த்தேன். தைப்பூசத்துக்குக் கோயில் வாசலில் நெரிகிற கூட்டம் மாதிரி, மயிர் முளைத்த புள்ளிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. உடம்பெல்லாம் ஊர்ந்தது எனக்கு. நீர் என் தோளைத் தட்டிச் சொன்னீர்: “மாட்டுக்கா தீனி வைக்கோம்? இந்தக் கூட்டத்துக்கு வைக்கோம் வே. இதுக தின்னு ஆக்கிப் போடுததத்தான் மாடு திங்குது. பொங்கலத் தின்னு பாதி செத்துப் போச்சு. மீதிய உம்ம பொடி கொல்லுது.”

மனிதன் வயிறும் அப்படித்தானா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “உம்ம வயித்துல இருக்க கூட்டத்தப் பாத்தா நீரு சோறே திங்கமாட்டீரு” என்றீர். அந்த ஐப்பசியில் சளிக்கு நானே காப்சூல் வாங்கிப் போட்டு, அதற்குப் பிறகு ஒரு மாதம் வயிறு நிற்காமல் போனது, என் கூட்டத்தை நானே கலைத்ததால்தான் என்றீர். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் உடம்பு, யாருக்கோ வாடகைக்கு விட்ட வீடு மாதிரி எனக்கே அருவருப்பாக இருந்தது.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த தை. ஆய்க்குடி செண்பகத்தின் மாடு. புருஷன் பம்பாயில் மில் வேலை. நிலமும் மாடும் இவள் பொறுப்பு. அதிகாரம் மட்டும் கொழுந்தனுடையது. சஷ்டிக்கு முருகன் கோயிலுக்குப் பால் கொடுக்கிற வீடு. அந்த மாட்டுக்குப் பொங்கலை வஞ்சனையில்லாமல் ஊட்டியிருந்தார்கள். என் பொடியையும் இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மாடு படுத்துவிட்டது.

நீர் விடியற்காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு, ஆடு அறுக்கிற கொட்டகைக்குப் போனீர். நான் வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஏழு ஆட்டின் இரைப்பையைப் பிழிந்து, துணியில் வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் தூக்குவாளியில் ஊற்றிச் சாக்கைச் சுற்றினீர். “ஆட்டு வயித்துலயும் அதே கூட்டந்தான். உசுருள்ள சரக்கு வே. ஆறினா செத்துரும்” என்று சைக்கிளில் ஏறினீர். வாளி என் மடியில், நான் கேரியரில். இலத்தூர் விலக்கில் ஒரு பள்ளத்தில் சைக்கிள் விழ, மூடி திறந்து, என் வேட்டியிலும் கையிலும் சிந்தியது. சுடச்சுட, வழவழவென்று, பச்சையாக. ரோட்டோரத்தில் நான் வாந்தி எடுத்தேன். நீர் வாளிக்குள் எட்டிப் பார்த்து, மிச்சம் போதும் என்றீர். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

செண்பகத்தின் தொழுவத்தில் முதலில் சோடா உப்புக் கரைசல். பிறகு மூங்கில் குழாயில் இதை. கொழுந்தன் அது என்ன என்று கேட்டதற்கு நீர் தலையைத் தூக்காமல் “கசாயம்” என்றீர். என்ன கசாயம்? “பதினெட்டு மூலிகை. மலையில இருந்து வந்தது.” செண்பகம் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

அங்கிருந்து நேரே குற்றாலம் போனோம், என் கை நாற்றத்தைக் கழுவ. தை மாதத்து அருவி, ஒல்லியாக விழுந்துகொண்டிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், மணலைப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சங்காயைப் பிழிந்து தேய்த்தேன். போகவில்லை. நீர் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து, தயிர்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அதே கையால் பிசைந்து சாப்பிட்டீர். எனக்கும் ஒரு பொட்டலம் வைத்திருந்தீர். நான் தொடவில்லை. மறுநாள் மாலையில் மாடு எழுந்து அசை போட்டது என்று சேதி வந்தது.

அந்த ஊரே அந்தக் கசாயத்துக்காக உம்மிடம் வந்தது. நீர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டீர். எந்த மாடு, என்ன தின்றது, பொடி கொடுத்தார்களா இல்லையா, எத்தனை நாளில் அசை திரும்பியது. மெட்ராஸ் கால்நடைக் கல்லூரியில் இதைப் பற்றிப் படித்தவர்களுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னீர். ஒரு நாள் அந்த நோட்டைக் கடைக்கே கொண்டுவந்து என் முன்னால் விரித்தீர். செத்த மாடுகளுக்கு எதிரே, ஒன்று விடாமல், மஞ்சள் பொடி என்று எழுதியிருந்தது.

“நிறுத்திரும் வே. உம்ம கடைப் பேரை நான் எழுதல. பொடி பேரை மட்டுந்தான் எழுதியிருக்கேன்.”

சரி என்றேன். உமக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன். ஆனால் உள்ளே எரிந்தது. ஊரில் அந்தப் பொடியை விற்பது நான் ஒருவன்தான். தவிட்டு மூட்டையால் தலை வழுக்கையானவன் நான். யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. என் பிழைப்பில் ஒருவன் கை வைத்தால், அவன் சொல்வது உண்மையாக இருந்தால்கூட, எனக்குக் கடிக்கத் தோன்றும்.

மறுநாள் செண்பகத்தின் கொழுந்தன் பருத்திக்கொட்டை வாங்க வந்தான். கடை வாசலில் நாலைந்து பேர். கம்பவுண்டர் கசாயம் அமிர்தம், இனிமேல் உம்ம பொடி யாருக்கு வேணும் அண்ணாச்சி என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைச் சீண்டினான்.

நான் சொன்னேன்: “கசாயமா? ஏழு ஆட்டு வயித்தைப் பிழிஞ்ச தண்ணி வே அது. கூட நின்னவன் நான் சொல்லுதேன். வேணும்னா ஆடு அறுக்குத கொட்டகையில போய்க் கேளும்.”

பொய்யில்லை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னை அரிக்கிறது. பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னேன் என்று உம் காலில் விழுந்திருக்கலாம்.

அவன் பருத்திக்கொட்டையை வாங்காமலே போனான். போகிற வழியெல்லாம் துப்பிக்கொண்டே போனான். கோயிலுக்குப் பால் கொடுக்கும் மாட்டின் வாயில் கசாப்புக் கழிவை ஊற்றினான் கம்பவுண்டர் என்று மனு போயிற்று. கீழே எத்தனை கையெழுத்து. எல்லாம் நீர் பிழைக்க வைத்த மாடுகளின் சொந்தக்காரர்கள். மாடுகளைக் குளிப்பாட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மூன்று நாள் பாலைக் கீழே கொட்டினார்கள். நாலாம் நாள் கறந்து விற்றார்கள். ஒருத்தன்கூட மாட்டை விற்கவில்லை. அந்தத் தண்ணீரால் எழுந்து நின்ற மாடு வேண்டும். அந்தத் தண்ணீர் மட்டும் அருவருப்பு. அவர்களைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போதும் அதேதான்.

விசாரிக்க வந்த அதிகாரி என் கடையில்தான் உட்கார்ந்தார். பார்த்ததைச் சொல்லச் சொன்னார், பார்த்ததைச் சொன்னேன். மாடு பிழைத்ததா என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. உம் நோட்டைக் கோப்போடு கட்டி எடுத்துப் போனார்கள். இன்றைக்கு அதைக் கரையான் தின்றிருக்கும். உம்மை ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டார்கள்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்கு வந்தீர். திட்டுவீர் என்று பார்த்தேன். “முகந்து பாத்துச் சரக்கு எடுக்கவருன்னு நினைச்சேன் வே” என்று மட்டும் சொன்னீர். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்.

அதற்குப் பிறகு மனம் திருந்திப் பொடியை நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இன்னும் இரண்டு பொங்கலுக்கு விற்றேன். ஏஜென்ட் சரக்கை நிறுத்தினான், நானும் நிறுத்தினேன். நீர் செத்த சேதியை, நீர் இருந்த பக்கத்திலிருந்து மிளகாய் வத்தல் ஏற்றிவரும் லாரி டிரைவர் சொன்னார். மாட்டாஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இருந்தாரே, நல்ல மனுசன், நெஞ்சுவலியில் போய்ட்டார் என்றார். நான் வத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, இது போன வருஷத்துச் சரக்கு என்று சொன்னேன்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். இந்த ரெப்பிடம், பாக்கெட்டில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். வேனில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, அதை யாரும் கேட்டதில்லை என்று சிரித்தான். நல்ல சரக்காகவும் இருக்கலாம். நான் அதை இழிவாகச் சொல்லவில்லை. உள்ளே வைத்திருந்த துண்டுக் காகிதத்தை அவனே படித்து அர்த்தம் சொன்னான்; அதில் மாட்டு வயிற்றைப் பற்றி அச்சடித்திருந்ததெல்லாம் உம் நோட்டில் இருந்ததுதான், இங்கிலீஷில். அடுத்த தடவை பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன்.

அவன் இறங்கிப் போன படியிலேயே செண்பகம் ஏறி வந்தாள். எட்டு வருஷமாக என் கடைப்பக்கம் வராதவள். தலையில் நரை. அந்த மாட்டின் கன்று இப்போது ஈன்று பால் கறக்கிறதாம். பொங்கல் தின்று இரண்டு நாளாக அசை இல்லையாம். மருந்து எதுவும் கேட்கவில்லை அவள். மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “கம்பவுண்டர் கசாயம் இப்பம் யாரும் குடுக்காவளா அண்ணாச்சி?”

மறுநாள் விடியலில் நான் போனேன். அதே கொட்டகை. இந்தத் தடவை வெளியே நிற்க முடியாது. ரத்தம் கழுவின தண்ணீர் செருப்பில் ஏற, என் கையாலேயே பிழிந்தேன். சூடான, செரிக்காத புல் விரலிடுக்கில் வழிந்தபோது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பெரிய பிளாஸ்க் இரண்டில் ஊற்றி, ஆய்க்குடிக்குப் போனேன்.

தொழுவத்தில் அவளும் நானும் மட்டும். இவ்வளவு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன். அன்றைக்குக் கம்பவுண்டர் ஊற்றியது என்ன என்பதை நான் ஏன் சொன்னேன் என்றால், என் பொடி விற்காது என்கிற பயத்தில்தான் சொன்னேன் என்றேன். இதிலும் அதேதான் இருக்கிறது, பிடிக்கவில்லையென்றால் கொட்டிவிடுகிறேன் என்றேன்.

அவள் சோடா உப்பைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்கென்ன மூக்கு இல்லியா அண்ணாச்சி? வாளி தெருமுனையில வரும்போதே ஆட்டுக்குடல்னு தெரிஞ்சுபோச்சு. அவிய கசாயம்னாவ. நானும் கசாயம்னு வச்சுக்கிட்டேன். மாடு எந்திச்சுது.” கொஞ்ச நேரம் கலக்கினாள். “நீங்கதான் நடுக்கடையில நின்னு அதுக்குப் பேரு வச்சிய. பேரு வச்ச பொறவு நாங்க அருவருக்காம என்ன செய்ய?”

அந்தக் காலை வரைக்கும் நான் உம்முடைய பொய்யை உடைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது, அது பொய்யே இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மேலே போட்டிருந்த துணி. அந்த மறைப்பில்தான் மாடுகள் பிழைத்துக்கொண்டிருந்தன. நான் அதைத்தான் உருவினேன்.

அப்போது கொழுந்தன் வந்துவிட்டான். வாசலிலேயே நின்று துண்டை மூக்கில் வைத்துக்கொண்டான். வயதாகிவிட்டது அவனுக்கு. என் கையையும் பிளாஸ்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“என்ன வே அது? வாடை பலமா அடிக்கி.”

செண்பகம் என் பக்கம் திரும்பவில்லை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள், அன்றைக்கு நின்ற மாதிரியே.

“கசாயம்” என்றேன்.

“என்ன கசாயம்?”

“பதினெட்டு மூலிகை. மலையில இருந்து வந்தது.”

அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு துண்டை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, மாட்டின் கொம்பைப் பிடித்துத் தலையை உயர்த்திக் கொடுத்தான். “ஆறதுக்குள்ள ஊத்தும்” என்றான்.

ஊற்றினேன். மறுநாள் மதியம் அசை போடுகிறது என்று ஆள் வந்து சொன்னான்.

ஆனால் அதற்கு முன்னாலேயே, ஊற்றி முடித்த அன்றைக்கு, திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் குற்றாலம் போனேன். இப்போது அருவிக்கரையெல்லாம் ஷாம்புப் பாக்கெட்டும் எச்சில் இலையும். அதன் நடுவில் நின்று கையைக் கழுவினேன், ஒரே ஒரு தடவை. வீட்டில் கட்டிக் கொடுத்த தயிர்சோற்றைப் பிரித்து, அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டேன்.

வாடை இருந்தது வே. சாப்பிட்டேன்.